ஈப்போவுக்கு ஒரு பவர் பத்திரம்

1

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஸ்டெல்லாவின் கடிதம் வந்தது. ஸ்டெல்லா என் அண்ணன் மகள். தன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டதாகவும், நான்கு நாள் காய்ச்சல் என்றும், அதிகம் கஷ்டப்படவில்லை என்றும் ஆங்கிலத்தில் நாலே வரி எழுதியிருந்தாள். அண்ணி இருந்தவரை ஜீவனஹள்ளியிலிருந்து எனக்குத் தமிழில் கடிதம் வரும். இனி வராது.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஈப்போ கோர்ட்டுக்குப் போனேன். துக்கச் செய்தி வந்தால் கோவிலுக்குப் போகாமல் கோர்ட்டுக்கு ஏன் போகிறான் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். நான் குடியிருக்கும் வீடும் மனையும் அண்ணிக்குச் சேர்ந்தவை. அவருடைய இடத்தில் நான் நின்று வரி கட்டவும் கையெழுத்துப் போடவும் அவர் எனக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் அந்தக் கோர்ட்டில் பதிவாகியிருந்தது. கொடுத்தவர் இறந்தால் தெரிவித்துவிட வேண்டும் என்று வக்கீல் அப்போதே சொல்லியிருந்தார்.

அங்கிருந்த மலாய்க்கார குமாஸ்தா பெரிய பதிவேட்டை எடுத்துப் பெயரைத் தேடிப் பிடித்தார். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "பத்தால்" என்றார். ரத்து என்று அர்த்தம். கொடுத்தவர் போனால் அதிகாரமும் அவரோடு போய்விடும் என்று எனக்கு மரியாதையாக விளக்கினார். எனக்கு அது புரியாமல் இல்லை. இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மகன் பீட்டர் ஆச்சரியப்பட்டான். இந்த வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறான். தமிழ் பேசுவான், எழுத வராது.

"நம்ம வீடு இந்தியா ஆன்ட்டியோடதா, அப்பா?"

"ஆமா."

"நான் அவங்கள பாத்ததே இல்லையே. அவங்க ஏன் அத நம்மகிட்ட விட்டாங்க?"

அவனுக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாததை, பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். ஜீவனஹள்ளியும் காக்ஸ் டவுனும் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தத் தெருக்களை நான் விவரிக்க வேண்டியதில்லை.

2

அண்ணன் பெயர் சவரிமுத்து. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். மெட்ரிக் பாஸ் செய்து டைப்பும் கற்றிருந்தார். பெங்களூரில் நல்ல வேலை அமையவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை கிடைத்தது. இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவர் கப்பல் ஏறும்போது ஸ்டெல்லா ஆறு மாதக் குழந்தை. அடுத்த வருஷம் என்னையும் வரவழைத்தார். பதினெட்டு வயதில் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன்.

ஈப்போவின் ஓரத்தில் ஒரு மனை வாங்கி அண்ணன் பலகை வீடு கட்டினார். சமையலறையில் மட்டும் இரண்டு ஜன்னல் வைக்கச் சொன்னார். தச்சன் ஏன் என்று கேட்டதற்கு, "என் பெண்சாதிக்குப் புகை ஆகாது" என்றார். அண்ணிக்கும் குழந்தைக்கும் டிக்கெட் எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது, தபால் நின்றது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆள் கணக்கு எழுத அண்ணனையும், மருந்துப் பெட்டி தூக்க என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தேன். அண்ணன் வரவில்லை.

யுத்தம் முடிந்து தபால் போக்குவரத்து ஆரம்பித்ததும் அண்ணிக்கு எழுதினேன். "அண்ணனும் நானும் சயாமில் பிரிந்துவிட்டோம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்." முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய். யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய நிலையில் நான் இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியபோது, நடந்தது முழுவதையும் அடுத்த மாதம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் எழுதவில்லை. பிறகு ஒரு வருஷம் ஆயிற்று. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று பயந்தே இன்னும் தள்ளிப் போட்டேன். இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த இரண்டு ஜன்னல் சமையலறையில் என் மனைவி சமைத்தாள். பீட்டரும் அவன் தங்கையும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.

3

பெங்களூரில் சட்டசபைக்கு விதான சௌதா கட்டிக்கொண்டிருந்த சமயம். ஈப்போ நில அலுவலகத்திலிருந்து அண்ணன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பாதையை அகலப்படுத்த மனையின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். மீதியைப் புதிதாக அளந்து பட்டா எழுத வேண்டும். உரியவர் நேரில் வரவேண்டும். வராவிட்டால் மனை முழுவதும் சர்க்காருக்குப் போய்விடும் என்று இருந்தது.

வக்கீலிடம் போனேன்.

"உன் அண்ணன் எங்கே?" என்று கேட்டார்.

"இறந்துவிட்டார்."

"யார் பார்த்தது?"

"நான்."

எங்கே, எதனால் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ஒரு பவர் பத்திரம் தயார் செய்தார். 'காலஞ்சென்ற சவரிமுத்துவின் விதவையாகிய ரோசம்மாள் ஆகிய நான்' என்று அது தொடங்கும். அண்ணன் சயாமில் காலரா கண்டு தன் தம்பி அருளப்பன் கண்ணெதிரே உயிர்விட்டார் என்று இரண்டாவது பத்தியில் இருந்தது. அந்த அருளப்பன் நான்தான். இதை அண்ணி பெங்களூரில் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். நோட்டரி தன் முத்திரையைப் பதிக்க வேண்டும். அவர் உண்மையான நோட்டரிதான் என்று மைசூர் சர்க்கார் சான்று கொடுக்க வேண்டும். அத்தனையும் இருந்தால்தான் கடல் தாண்டி இங்கே செல்லுபடியாகும்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே யாராவது அதை அண்ணிக்குப் படித்துச் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். நானே கூட இருந்தால் படிக்காமலே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பினாங்கில் கப்பல் ஏறி, மதராஸில் இறங்கி, கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயிலை விட்டு வெளியே வந்தேன். ஜட்காக்காரனிடம் விலாசம் சொல்லும்போது 'சூராட்' என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அது மலாய்ச் சொல் என்பது அவன் முழித்த பிறகுதான் உறைத்தது. பதினாறு வருஷத்தில் நாக்கு அப்படி மாறியிருந்தது.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. கான்வென்ட் தையல் கூடத்தில் வேலை பார்த்து மகளை வளர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் தெருவை ஒரு கணம் எட்டிப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"தனியாத்தான் வந்தியா, தம்பி?"

"ஆமா அண்ணி."

"உள்ள வா. எளச்சுப் போயிட்டியே."

வட்டிலில் சோறு போட்டார். ஸ்டெல்லா எதிரே வந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் தாடை, அண்ணனின் நெற்றி. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கும் வயது. பள்ளியில் எந்தப் படிவம் கொடுத்தாலும் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'மலாயாவில் குமாஸ்தா' என்று நிகழ்காலத்தில் எழுதுவதாகச் சொன்னாள். அம்மா அப்படித்தான் எழுதச் சொல்வாராம்.

சாப்பிட்ட பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணி கவனமாகக் கேட்டார்.

"அவரு கையெழுத்துப் போட முடியாததால என்னைக் கேக்குறாங்களா?"

"ஆமா அண்ணி. அண்ணன் வர்ற வரைக்கும் உங்க பேர்ல."

இதையும் நான்தான் சொன்னேன்.

4

இங்கே ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்கு ஆள் குறைந்துவிட்டது. பிள்ளைகள் எட்டு மணி ஆங்கிலப் பூசைக்குப் போகிறார்கள். நானும் என் மனைவியும் ஆறரை மணிக்கே போய்விட்டு வந்துவிடுவோம். வரும் வழியில் சந்தையில் மீன் வாங்குவோம். நவம்பர் மாதத்தில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்தருகே வைக்கும் வழக்கம் இங்கேயும் உண்டு. யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து நான் அண்ணன் பெயரை எழுதி வந்தேன். அண்ணி தன் தாய் தகப்பன் பெயரையும் என் பெற்றோர் பெயரையும் மட்டும் அங்கே எழுதி வந்தார் என்பது பெங்களூருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரே மனிதருக்காக நான் கடலின் இந்தப் பக்கம் இறந்தவர் என்றும், அவர் அந்தப் பக்கம் இருப்பவர் என்றும் வேண்டிக்கொண்டிருந்தோம்.

நோட்டரி அலுவலகம் கப்பன் பார்க் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. முதல் நாள் நான், அண்ணி, ஸ்டெல்லா மூவரும் பஸ்ஸில் போனோம். ஏறிச் சென்றதும் அங்கிருந்த குமாஸ்தா என்னைப் பார்த்து "பன்னி, பன்னி" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வாங்கன்னு சொல்றாரு, தம்பி. கன்னடம். நீ இந்த ஊரையே மறந்துட்ட."

அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று வேலை நடக்கவில்லை. பத்திரத்தில் ரோசம்மாள் என்று இருந்தது. கோவில் கல்யாணச் சான்றிதழில் ரோஸ் மேரி. நிலப் பதிவில் சவரிமுத்து, கோவில் ஏட்டில் லத்தீன் எழுத்தில் வேறு மாதிரி. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று பங்குச் சாமியாரிடம் எழுதி வாங்கி வரவேண்டும். அண்ணியை நேரில் தெரிந்த ஒருவர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். மறுநாள் சாமியார் கடிதம் கொடுத்தார். கான்வென்ட்டிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்து அடையாளம் சொல்லச் சம்மதித்தார். மூன்றாம் நாள் ஆறு பேர் அந்த அறையில் கூடினோம்.

5

நோட்டரி வயதானவர். அவர் குடும்பம் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காகத் தலைமுறைகளுக்கு முன்பே வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம்; பேச்சில் இரண்டும் கலந்து வரும். கன்னியாஸ்திரி அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார். நோட்டரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை எடுத்தார்.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?"

"வராது சார்" என்றேன். "நான் எல்லாம் சொல்லியிருக்கேன். கையெழுத்து மட்டும்..."

"நீங்க சொன்னது போதாது ஸ்வாமி. அதிகாரம் வாங்கறவரே நீங்க. நான் படிச்சு அர்த்தம் சொல்லணும். அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு எழுதித்தான் நான் முத்திரை போடறேன். இல்லாட்டா அந்த முத்திரைக்கு என்ன பெலை?"

எழுந்து தடுக்கலாமா என்று இருந்தது. அவர் நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"காலஞ்சென்ற சவரிமுத்து அவர்களுடைய விதவை ரோசம்மாளாகிய நான்..."

அண்ணி நிமிர்ந்தார். "அப்படியா எழுதியிருக்கு?"

நோட்டரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அடுத்த பத்தியையும் படித்தார். காலரா என்றார். தம்பி கண்ணெதிரே என்றார். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் சட்டசபைக்குக் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தம்பி" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "நீ பாத்தியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அழுவார், கையெழுத்துப் போடுவார், வீடு எனக்கு நிற்கும். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். அண்ணன் கோபமாக இருக்கும்போது அப்படித்தான் கழுத்தை மட்டும் திருப்புவார்.

"பாக்கல அண்ணி" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றங்கரையில் முகாம். மழை விடவே இல்லை. காலரா வந்ததும் நோய் கண்டவர்களைத் தனியாக ஒரு மூங்கில் கொட்டகையில் போட்டார்கள். மூன்றாம் நாள் அண்ணனும் அங்கே போனார். மருந்துப் பெட்டியில் மருந்து இல்லை. நான் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில், நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அடுத்த முகாமுக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"நான் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் படுத்திருந்தாரு. மூச்சு இருந்துது. நான் பக்கத்துல உக்காந்தேன். வெளிய ஜப்பான்காரங்க துப்பாக்கியோட கத்துறாங்க. தகரக் குவளையில தண்ணி வெச்சேன். கிளம்பிட்டேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"என்னைப் போகச் சொன்னாருன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை அண்ணி. பல தடவ மனசுக்குள்ள அப்படியே சொல்லிப் பாத்துட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. கண்ணு தொறந்துதான் இருந்துது. என்னைப் பாத்தாரா, தெரியல."

"அப்புறம்?"

"நாலு நாள் கழிச்சுப் பின்னால வந்தவங்க சொன்னாங்க. நோய் பரவக் கூடாதுன்னு அந்தக் கொட்டகைய எரிச்சுட்டாங்களாம்."

"எரிக்கறப்ப உள்ள இருந்தவங்க?"

"எனக்குத் தெரியாது அண்ணி. நான் கேக்கல. கேக்கப் பயமா இருந்துது."

குமாஸ்தா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணெதிரேன்னு போட்டிருக்கறது பொய். இதுக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன்" என்றார். பிறகு அண்ணியிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "அம்மா, கேளுங்க. ஏழு வருஷம் ஒருத்தரப் பத்தி அவருடைய சொந்தக்காரங்க யாரும் கேள்விப்படலேன்னா, கோர்ட் அவர இறந்தவர்னு எடுத்துக்கும். இந்தப் பத்திய எடுத்துட்டு, யுத்தத்துக்கு அப்புறம் தகவல் இல்லேன்னு மட்டும் எழுதலாம். விதவைங்கற சொல்லும் வேணாம், மனைவின்னே போடலாம். மலாயாவுல அது செல்லும். நீங்க மனசுல என்ன நினைக்கறீங்களோ அது உங்க இஷ்டம். சட்டம் அதுக்குள்ள வராது. யோசனை பண்ணிட்டு நாளைக்கு வேணும்னாலும் வாங்க. அவசர இல்ல."

எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லாமலே நடந்திருக்கக்கூடிய காரியம் இது. நான் வக்கீலிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே இதைச் சொல்லியிருப்பார்.

அண்ணி வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல்கள்.

"அந்தக் கண்ணெதிரேங்கறத எடுத்துடுங்க ஐயா. அது வேணாம். தகவல் இல்லைன்னு எழுதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "மேல இருக்கறத மாத்த வேணாம். விதவைன்னே இருக்கட்டும்."

"நிச்சயமா அம்மா?"

"சட்டம் எடுத்துக்க வேணாம். நானே சொல்லிடறேன்."

குமாஸ்தா புதிதாக டைப் அடித்தார். நோட்டரி மறுபடி முழுவதையும் படித்துக் காட்டினார். அண்ணி தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, ரோசம்மாள் என்று எழுதினார். பக்கத்தில் கட்டைவிரலையும் வைத்தார். நோட்டரி சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். அண்ணி விரலில் ஒட்டிய மையைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

6

மறுநாள் நான் தனியாகச் சர்க்கார் அலுவலகங்கள் இருந்த அட்டாரா கச்சேரிக்குப் போனேன். நோட்டரியின் கையெழுத்து உண்மையானதுதான் என்று அங்கே ஓர் அதிகாரி சான்று எழுத வேண்டும். பெஞ்சில் பாதி நாள் காத்திருந்தேன். அவர் பெயரும் முத்திரையும் மேலே ஏறின. ஈப்போவுக்குப் போனதும் இன்னொருவர் இவருடைய முத்திரையைச் சரிபார்ப்பார். இத்தனை பேர் ஒருவர் கையெழுத்துக்கு ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறார்கள். என் ஒரு கடிதத்துக்கு எத்தனையோ வருஷமாக யாருடைய சாட்சியும் இல்லாமல் அண்ணி நம்பிக்கை வைத்திருந்தார் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது ஸ்டெல்லா மரத்தடியில் நின்றிருந்தாள். பள்ளியிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"அம்மா நேத்துலேருந்து பேசல, சித்தப்பா. சாப்பிடல."

"என்மேல கோபமா இருப்பாங்க."

"உங்களுக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள். "நான் அஞ்சாவது படிக்கறப்போ பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் இருந்தாரு. ஒய்ஃப் செத்துப் போயிட்டாங்க. ரொம்ப நல்லவரு. அம்மாவக் கட்டிக்கறேன்னு சாமியார்கிட்ட வந்து கேட்டாரு. அம்மாவுக்கும் பிடிச்சிருந்துது, எனக்குத் தெரியும். அவரு வர்ற அன்னிக்கு அம்மா நல்ல புடவை கட்டுவாங்க. ஆனா என் புருஷன் மலாயாவுல இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் அவரு மைசூருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாரு."

அவள் எனக்குக் காத்திராமல் பஸ் நிற்குமிடத்தை நோக்கி நடந்தாள். இரண்டு ஆள் தூரம் விட்டு நானும் பின்னால் நடந்தேன்.

அண்ணனை விட்டு வந்ததற்கு நான் என்னை மன்னித்துக்கொள்ள ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொள்வேன். துப்பாக்கி இருந்தது, மழை இருந்தது, வயது இருபத்திரண்டு. ஜீவனஹள்ளியில் ஒரு பெண்ணின் நல்ல வருஷங்கள் போனதற்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதற்குத் துப்பாக்கி இல்லை. ஒரு தபால் தலை போதுமாக இருந்தது.

7

அதற்கு அடுத்த நாள் காலையில் அண்ணி என்னை எழுப்பினார். குளித்து, தலை வாரி, கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்.

"கெளம்பு தம்பி. கோயிலுக்குப் போகணும்."

நாங்கள் மூவரும் நடந்து போனோம். பாதி வழியில் அண்ணி என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீ அவர விட்டுட்டு வந்ததுக்கு எனக்குக் கோவமில்ல. நீயும் அங்கேயே கெடந்திருந்தா யாருக்கு என்ன லாபம்? உன் உயிரும் உயிருதான். ஆனா நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே. ஒவ்வொரு கடுதாசியிலும் கேட்டேனே, தம்பி."

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

"ஆமா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு எழுதிய எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. கொஞ்ச தூரம் போய், "அந்த வீட்ட விட்டுடாத. அவரு கட்டுனது. உன் பிள்ளைங்க இருக்கட்டும்" என்றார். பீட்டர் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை.

பங்குச் சாமியார் பூசை முடிந்து உள்ளறையில் இருந்தார். மூன்று நாளைக்கு முன்னால்தான் பெயர்க் குழப்பத்துக்குக் கடிதம் கொடுத்தவர். அண்ணி அவர் முன்னால் நின்று, தன் புருஷனுக்கு ஓர் இறந்தோர் பூசை வைக்க வேண்டும் என்றார். சாமியார் எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் உட்கார்ந்து ஏட்டைத் திறந்து, சவரிமுத்து என்று எழுதினார்.

"எந்தத் தேதி இறந்தாரு?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. சயாமில் எங்களுக்குத் தேதி தெரியாது, கிழமை தெரியாது. மழைக்காலம் என்று மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"முந்தாநாள், சாமி."

"முந்தாநாளா? ரோசம்மா, யுத்த காலத்துல..."

"அது இவனுக்கு. அவரு என்னிக்கிச் செத்தாரோ எனக்குத் தெரியாது. செவ்வாக்கிழமை வரைக்கும் எனக்கு அவரு இருந்தாரு. புதன்கிழமை பகல்ல அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டேன், சாமி. அந்தத் தேதிய எழுதிக்குங்க."

சாமியார் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். பிறகு அந்தத் தேதியையே எழுதினார்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். தகப்பன் முகத்தை அறியாத ஸ்டெல்லா, சுவரைப் பிடித்துக்கொண்டு, அன்றுதான் அவர் போனதுபோல வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.